புகையூட்டிய பேக்கன்: ஐந்து வகை, ஒரே வாணலி

நிலாக்கரண்டி

வணக்கம். மூன்று சனிக்கிழமையாக இதே வேலையாக இருந்தேன். பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, வாங்கும்போது உறையில் இருக்கும் மரத்தின் பெயரைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள் மரப்புகை, ஹிக்கரி மரப்புகை என்று போட்டிருந்தால் கை தானாக அங்கே போகும். ருசியைத் தீர்மானிப்பது உண்மையிலேயே அந்த மரம்தானா என்று ஒரு சந்தேகம். ஐந்து வகை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 100 கிராம் நிறுத்து, ஒரே இரும்பு வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் வறுத்தேன். வாணலி ஆறிக் கிடக்கும்போதே துண்டுகளை அடுக்கிவிட்டு, அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். எல்லாவற்றுக்கும் அதே முறை.

முதலில் சாதாரண வயிற்றுப் பகுதி பேக்கன். உப்புநீரை ஊசியால் ஏற்றிய வகை. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், புகைச் சுவையூட்டி என்று இருந்தது. சூடு ஏறியதுமே தண்ணீர் விட ஆரம்பித்தது. நாலு நிமிடம் அது வறுபடவே இல்லை, தன் தண்ணீரிலேயே வெந்தது. ஓரங்களில் வெள்ளையாக நுரை திரண்டு வாணலியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வற்றிய பிறகுதான் கொழுப்பு உருகத் தொடங்கியது. அதற்குள் சதை இறுகிவிட்டது. கடைசியில் 29 கிராம் மிஞ்சியது. வறுபடும்போது வீடு முழுக்கப் புகை மணம், வாயில் வைத்தால் காணோம்.

அடுத்தது உப்பும் சர்க்கரையும் தேய்த்து நாள்கணக்கில் வைத்து, பிறகு ஆப்பிள் மரப்புகை காட்டியது. இதுவும் வயிற்றுப் பகுதிதான். தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. விரலில் ஈரம் ஒட்டவில்லை, வளைத்தால் தோல்வார் மாதிரி வளைந்தது. வாணலியில் சத்தமே வேறு. முந்தினது சளசளவென்று கொதித்தது, இது சன்னமாகப் பொரிந்தது. உருகி வந்த கொழுப்பு கண்ணாடி போலத் தெளிவு. 43 கிராம்.

மூன்றாவது, அதே உலர் உப்பு முறை, ஆனால் ஹிக்கரி. நிறம் கொஞ்சம் கருப்பு, உப்பும் தூக்கல். 41 கிராம்.

நாலாவது முதுகுப் பகுதி பேக்கன். பிரிட்டனில் பேக்கன் என்றால் பெரும்பாலும் இதுதான். வட்டமான சதை, ஓரத்தில் விரல் அகலக் கொழுப்பு, வால் மாதிரி கொஞ்சம் வயிற்றுப் பகுதி. இதில் மொறுமொறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆறே நிமிடத்தில் வெந்துவிட்டது, 62 கிராம் நின்றது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் அட்டை.

ஐந்தாவது தாடைப் பகுதி. முக்கால்வாசி கொழுப்பு, நடுவில் இரண்டு மூன்று சிவப்புக் கோடு. வயிற்றுக் கொழுப்பு மாதிரி சட்டென்று கரையாமல், விளிம்பு மட்டும் பொன்னிறமாகி நடுவில் மெத்தென்று நின்றது. 38 கிராம்தான். ஆனால் ஐந்திலும் என் மனசுக்குப் பிடித்தது இதுதான், இரண்டாவது சனிக்கிழமையும் இதையே முதலில் காலி செய்தோம்.

எனக்குத் தோன்றுவது: உப்பு எப்படிப் போட்டார்கள் என்பது முதலிடம், எந்தப் பகுதி என்பது இரண்டாமிடம். மரம் மூன்றாவதுதான். உங்கள் அனுபவம் என்ன?

தராசு

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அக்கா. ஒரு கேள்வி. துண்டுகளின் கனம் என்ன? ஊசி ஏற்றிய வகையைப் பொதுவாக மெல்லிசாகத்தான் வெட்டுவார்கள், 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. உலர் உப்பு வகை 3, 4 மில்லிமீட்டர் வரும். மெல்லிய துண்டு சீக்கிரம் காயும், எடையும் அதிகமாக இறங்கும். 29-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி கனத்தால் வந்ததாக இருக்கலாம். அதைச் சரிக்கட்டாமல் உப்பு முறைதான் காரணம் என்று எழுதுவது அவசரம்.

மழைக்காலம்

அந்த வெள்ளை நுரை என்னதுக்கா? எனக்கும் வருது. கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவை தூக்கிப் போட்டுட்டேன்.

நிலாக்கரண்டி

மழைக்காலம், கெடவில்லை தம்பி, இனிமேல் போடாதே. ஏற்றிய உப்புநீரில் இறைச்சியின் புரதம் கொஞ்சம் கரைந்திருக்கும். சூடு பட்டதும் தண்ணீர் வெளியே வர, அந்தப் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்து நிற்கிறது. இடுக்கியால் துண்டைத் தூக்கிவிட்டு, காகிதத் துண்டால் வாணலியை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி போடு. இல்லாவிட்டால் அதுதான் முதலில் அடிப்பிடித்துக் கருகும்.

தராசு, நீங்கள் சொல்வது நியாயம். கனத்தை நான் அளக்கவே இல்லை. வயிற்றுப் பகுதி வகை மூன்றையும் வெட்டாத கட்டியாக வாங்கி, ஒரே கனத்தில் நானே வெட்டி மறுபடி செய்கிறேன்.

புகைக்கூடு

நான் வீட்டிலேயே புகை போடுகிறவன், அதனால் மரத்தை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மரம் புகையும்போது இரண்டு சங்கதி நடக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் உடைந்து குவாயகால், சிரிங்கால் என்ற பொருட்களைத் தருகிறது. நாம் புகை வாசம் என்று சொல்வது பெரும்பாலும் இவைதான். செல்லுலோஸ் வகைகள் உடைந்தால் வேறு சேர்மங்கள் வரும். அந்தப் பொன்னிறம், லேசான இனிப்பு மணம் அவற்றால் வருவது. வன்மரங்களின் லிக்னினில் சிரிங்கால் தரும் பகுதி உண்டு, ஊசியிலை மரங்களில் அது கிட்டத்தட்ட இல்லை. கூடவே பிசின் வேறு இருப்பதால் கரிப்புகையும் கசப்பும் வரும். அதனால்தான் பீச், ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று போகிறோம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பன்றித்தொடை ஊசியிலை மரப்புகையில் வருவதுதான், ஆனால் அது குளிர்புகையில் வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்வது. அதன் கறுத்த மேற்புறத்தையும் பிசின் வாசத்தையும் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் அவசரப்பட்டுச் செய்தால் வாயில் தார் பூசின மாதிரிதான் இருக்கும்.

இப்போது நிலாக்கரண்டி சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளும் இடம். ஹிக்கரிக்கும் பீச்சுக்கும் வித்தியாசம் உண்டு என்று அடித்துச் சொல்வேன். ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் என்னாலேயே சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான். மரத்தின் பெயரைவிடப் புகை எப்படிப் பட்டது என்பது பெரிசு. உப்பில் ஊறிய இறைச்சியைக் கழுவித் துடைத்து, காற்றாட ஒரு இரவு ஃப்ரிட்ஜில் மூடாமல் வைக்க வேண்டும். மேலே மெல்லிய பசை மாதிரி ஒரு படலம் கட்டும். விரலை வைத்தால் லேசாக ஒட்டும், ஈரம் வராது. அந்தப் பதத்தில் புகை போட்டால் நிறம் சீராகப் பிடிக்கும். ஈரத்தோடு தொங்கவிட்டால் புகை நீர்த்துளியில் கரைந்து ஒழுகி, கோடு கோடாகக் கசப்பு ஏறும். என் முதல் இரண்டு கட்டியும் அப்படித்தான் வீணாயின.

இன்னொன்று. புகை இறைச்சியின் நடுவரைக்கும் போவதில்லை. துண்டின் ஓரத்தை மட்டும் நறுக்கித் தின்று பாருங்கள், பிறகு நடுவை. புகை முழுக்க ஓரத்தில்தான். கட்டி பெரிசாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தின் பங்கு குறையும். சின்னக் கட்டியாகப் புகை போட்டது அதே மரமாக இருந்தாலும் உறைப்பாக இருப்பது இதனால்தான்.

அஞ்சறைப்பெட்டி

குளிர்புகை, சுடுபுகை என்று இரண்டு சொல்கிறார்களே, பேக்கனுக்கு எது? அப்படியே சாப்பிடலாமா?

புகைக்கூடு

குளிர்புகை என்றால் புகை போடும் கூட்டுக்குள் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மணிக்கணக்கில், சிலர் நாள்கணக்கில் போடுவார்கள். இறைச்சி பச்சையாகவேதான் இருக்கும், வறுத்துத்தான் சாப்பிட வேண்டும். சுடுபுகையில் இறைச்சியின் நடுவே 65 டிகிரி வரும்வரை விடுவோம். இறைச்சி வெந்து இறுகுவதால் வெட்டுவதும் சுலபம். கடையில் வாங்குவது எந்த வகை என்று தெரியாவிட்டால் பச்சை என்று நினைத்தே கையாளுங்கள்.

வாசல்கோலம்

எல்லாரும் ருசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குக் கவலை வேறு. இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கும் நைட்ரைட். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நைட்ரைட் சேர்க்காதது என்று போட்ட ஒரு வகையைத்தான் வாங்குகிறேன், விலை கூட என்றாலும் பரவாயில்லை என்று. அது நல்லதுதானே?

தராசு

அந்த உறையைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. செலரிப் பொடி அல்லது செலரிச் சாறு என்று இருக்கும். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். அதை நுண்ணுயிரியால் நைட்ரைட்டாக மாற்றித்தான் சேர்க்கிறார்கள். செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் நைட்ரைட் ஒரே மூலக்கூறுதான். உங்கள் பேக்கன் வறுத்த பிறகும் இளஞ்சிவப்பாக இருந்தால் அதில் நைட்ரைட் வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அது இல்லாமல் உப்பு மட்டும் போட்டது வெந்ததும் சாம்பல் பழுப்பாகிவிடும்.

அதைச் சேர்ப்பது நிறத்துக்காக மட்டும் இல்லை. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராமல் தடுப்பது அதுதான். காற்றில்லாத உறை, குறைந்த வெப்பத்தில் நீண்ட நேரப் புகை, இரண்டும் அந்தக் கிருமிக்குத் தோதான இடம்.

உங்கள் கவலையிலும் பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டார்கள். முதல் வகுப்பு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, புகையிலை அளவுக்கு ஆபத்து என்று பொருள் இல்லை. செலரி வகை வாங்குவதால் இது குறையாது. சாப்பிடும் அளவைக் குறைத்தால் குறையும்.

வாசல்கோலம்

இவ்வளவு நாளும் அதை நம்பித்தான் பிள்ளைகளுக்கு வாரம் நாலு நாள் கொடுத்தேன். மனசு சங்கடமாக இருக்கிறது. வறுக்கும் முறையில் ஏதாவது மாற்றம் செய்யலாமா?

தராசு

செய்யலாம். பேக்கனை அதிக சூட்டில், கரியக் கரிய வறுக்கும்போது நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசமின் என்ற, புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பொருட்கள் உண்டாகின்றன. சிறு தீயும், பொன்னிறத்தோடு நிறுத்துவதும் உதவும். மைக்ரோவேவில் செய்தால் பொதுவாக வாணலியைவிடக் குறைவாகவே உண்டாகிறது. அமெரிக்காவில் ஊசி ஏற்றும் பேக்கனுக்கு நைட்ரைட் பத்து லட்சத்தில் 120 பங்கு, அதோடு அஸ்கார்பேட் அல்லது எரிதார்பேட் 550 பங்கு சேர்க்க வேண்டும் என்று விதியே உண்டு. வைட்டமின் சி-யும் அதன் உறவுக்காரப் பொருட்களும் நைட்ரோசமின் உண்டாவதைத் தடுக்கும் என்பதால்தான் அது. வாரம் நாலு நாளை மாதம் இரண்டு நாள் என்று ஆக்குங்கள், அதுதான் இதெல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம்.

நிலாக்கரண்டி அக்காவுக்கும் ஒன்று. வறுத்த பிறகு வாணலியில் மிஞ்சும் கொழுப்பில் இந்த நைட்ரோசமின் இறைச்சியில் உள்ளதைவிட அதிகமாகவே தங்கும்.

நிலாக்கரண்டி

இது எனக்குத் தெரியாது. அந்தக் கொழுப்பை வடிகட்டிப் பாட்டிலில் சேர்த்து, உருளைக்கிழங்கு வறுக்க வைத்திருந்தேன். இன்றைக்கே கொட்டிவிட்டேன். இனி ஒரு தேக்கரண்டி முட்டைக்கு விட்டால் உண்டு, சேர்த்து வைக்கப் போவதில்லை.

மழைக்காலம்

எனக்கு மேப்பிள் சர்க்கரை போட்டதுதான் பிடிக்கும். போன வாரம் ஓவன்ல 220-ல வெச்சு பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்தா தட்டு பூரா கறுப்புக் கண்ணாடி. சாதா பேக்கனுக்கு அதே சூடுதான் வைப்பேன், அது ஒண்ணும் ஆகலையே?

அஞ்சறைப்பெட்டி

சர்க்கரைதான் தம்பி. அது இறைச்சிக்கு முன்னாலேயே கருகிவிடும். சாதாரண வகைக்கு 200 டிகிரி, பதினைந்திலிருந்து இருபது நிமிடம். இனிப்பு போட்டதற்கு 175, 180-க்கு மேல் போகாதே, நேரம் கூட எடுக்கட்டும். தட்டின் அடியில் பேக்கிங் காகிதம் போடு. பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து கதவுப் பக்கமே நில். பொன்னிறத்துக்கும் கருப்புக்கும் நடுவில் இரண்டு நிமிடம்தான் இருக்கும். வெளியே எடுக்கும்போது கொஞ்சம் துவண்டு இருந்தால் பயப்படாதே, ஆறும்போது மொறுமொறுப்பாகும். வாணலியிலேயே மொறுமொறுப்பு வரவேண்டும் என்று காத்திருந்தால் தட்டுக்கு வரும்போது தாண்டிப் போயிருக்கும்.

எட்டுப் பேருக்குச் செய்யும்போது எனக்கு ஓவன்தான். ஆனால் தாடைப் பகுதி மட்டும் வாணலியில். மடித்து மடித்துப் புரட்டினால்தான் அந்த மெத்தென்ற நடுப்பகுதி நிற்கும்.

கல்உப்பு

இரண்டு திருத்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, தாடைப் பகுதியைப் பற்றி. இத்தாலியின் குவான்சாலேயும் தாடைதான், ஆனால் அதற்குப் புகை கிடையாது. உப்பு, மிளகு போட்டுக் காற்றில் உலர்த்துவது. பான்செட்டா வயிற்றுப் பகுதி, அதுவும் பொதுவாகப் புகையில்லாதது. அதனால் குவான்சாலே கேட்கும் குறிப்புக்குப் புகைத்த தாடையைப் போட்டால் புகை மேலேறி மற்றதை அமுக்கிவிடும். கனடாவில் சோளமாவில் புரட்டி விற்கிற முதுகுப் பகுதியும் புகையில்லாததுதான். இத்தாலியின் வடக்கே செய்யும் ஸ்பெக் புகையூட்டியது. ஆனால் அது தொடைப் பகுதி. 20 டிகிரிக்குள் மிக லேசான புகை, சுமார் 22 வாரம் பழுக்க விடுவார்கள். அதை மெல்லிசாகச் சீவி அப்படியே சாப்பிட வேண்டும். வாணலியில் போட்டு வறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், உப்புச் சில்லு மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, உலர் உப்பு நல்லது, உப்புநீர் மட்டம் என்று அக்கா பிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. நாலாவதாக வறுத்தீர்களே, அந்த முதுகுப் பகுதி. அதில் பெயர்பெற்ற வில்ட்ஷயர் முறை உப்புநீர் முறைதான். இங்கிலாந்தின் கால்ன் ஊரில் ஹாரிஸ் குடும்பத்தார் வளர்த்தெடுத்தது. பன்றியின் ஒரு பக்கத்தை முழுசாக உப்புநீர்த் தொட்டியில் நாள்கணக்கில் மூழ்கவிட்டு, பிறகு எடுத்துக் குளிர்ந்த அறையில் பழுக்க விடுவார்கள். தொட்டி நீரை மாற்றாமல் வலுப்படுத்திக்கொண்டே வருவார்கள். அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். அவசரத்துக்கு ஊசியால் நீரேற்றி, உருட்டி, மறுநாளே உறையில் போடுவதும் உப்புநீர்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லக் கூடாது. பழுக்க விட்ட நாள்தான் கணக்கு, ஈரமா உலர்வா என்பது அடுத்தது.

நிலாக்கரண்டி

திருத்தமாக எடுத்துக்கொண்டேன் அண்ணா. முதுகுப் பகுதி அவ்வளவாகத் தண்ணீர் விடாதது ஏன் என்று எனக்கே புரியாமல் இருந்தது, இப்போது புரிகிறது.

பனிக்கூடை

இடையில் ஒரு சந்தேகம். உலர் உப்பு வகை எனக்கு ரொம்ப உப்பு. ஊற வைத்தால் புகை போய்விடுமா?

புகைக்கூடு

போகாது. வெந்நீர் மட்டும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் துண்டுகளை இருபது நிமிடம் போட்டு, எடுத்து, காகிதத் துண்டில் இரண்டு பக்கமும் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் முதல் வகை மாதிரியே வெந்துவிடும். முதலில் ஒரு துண்டு வறுத்து ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரித்த உறையை ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரீசரிலும் ஒரு மாதம் போதும். உப்பு ஏறிய கொழுப்பு உறைந்த நிலையிலும் மெல்லச் சிக்கு வாடை பிடிக்கும்.

நிலாக்கரண்டி

சொன்னபடி மறுபடி செய்தேன். ஊசி ஏற்றியது, உலர் உப்பு ஆப்பிள், உலர் உப்பு ஹிக்கரி. மூன்றையும் கட்டியாக வாங்கி, அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகவிட்டு, 3 மில்லிமீட்டராக வெட்டினேன். ஒவ்வொன்றும் 100 கிராம், சிறு தீ, குளிர்ந்த வாணலி.

ஊசி ஏற்றியது 33 கிராம். ஆப்பிள் 42. ஹிக்கரி 42. தராசு, கனத்தால் 4 கிராம் மாறியிருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி வித்தியாசத்தில் பாதி இல்லை, ஆனாலும் மாறியிருக்கிறது.

பிறகு வீட்டில் நாலு பேரைக் கண்ணை மூடச் சொல்லி ஊட்டினேன். ஊசி ஏற்றியதை நாலு பேரும் உடனே சொல்லிவிட்டார்கள். ஆப்பிள் எது, ஹிக்கரி எது என்று சரியாகச் சொன்னது ஒருவர்தான். அதற்கு அவர் சொன்ன காரணமும் புகையில்லை, ஒன்றில் உப்பு கூட என்பதுதான். புகைக்கூடு அண்ணா சொன்னபடி ஓரத்தை மட்டும் நறுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். அப்போது இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். ஹிக்கரி ஓரத்தில் ஒரு காரமான வாசம் தொண்டையில் நின்றது, எனக்கே தெரிந்தது. ஆகவே மரத்தை மூன்றாவது என்று எழுதியது துண்டு முழுசுக்கும் சரி, ஓரத்துக்குச் சரியில்லை.

தராசு

இது ஒத்துக்கொள்ளக்கூடிய கணக்கு. உப்பு அளவு இரண்டிலும் ஒன்றாக இல்லாததுதான் மிச்சக் குறை. இரண்டு வேறு தயாரிப்பாளர்கள் என்றால் அதைக் கடையில் வாங்கித் தீர்க்க முடியாது.

புகைக்கூடு

அதை நான் தீர்க்கிறேன். இரண்டு கிலோ வயிற்றுப் பகுதி ஒரே கட்டியாகக் கிடைத்திருக்கிறது. நேற்று ராத்திரி உப்பு தேய்த்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. எடைக்கு எடை உப்பு இரண்டரை சதவீதம், சர்க்கரை ஒரு சதவீதம், நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்பு உப்பு கிலோவுக்கு 2.5 கிராம். அதில் நைட்ரைட் 6.25 சதவீதம்தான். மேசை உப்போடு மாறிப் போகக் கூடாதென்றுதான் அதற்கு அந்த நிறம் போடுகிறார்கள். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் இதைக் கரண்டியால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், கிராம் தராசு கட்டாயம்.

தினமும் ஒருமுறை திருப்பிப் போடுகிறேன். ஏழாம் நாள் கழுவித் துடைத்து, சரிபாதியாக வெட்டி, ஒரு இரவு காற்றாட வைப்பேன். ஒரு பாதிக்கு பீச், மறு பாதிக்கு ஹிக்கரி, ஒரே கூடு, ஒரே நேரம். ஓரம் தனியாக, நடு தனியாக வெட்டி, எது எது என்று எழுதாமல் நிலாக்கரண்டிக்கு அனுப்புகிறேன். எந்தப் பொட்டலத்தில் எது என்ற விவரத்தைத் தராசுக்குத் தனிமடலில் முன்கூட்டியே போட்டுவிடுகிறேன்.

நிலாக்கரண்டி

அனுப்புங்கள் அண்ணா. வாணலியைக் கழுவி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.